விழப்போற பல்லுக்கு ஒரு வக்காலத்து

என்ன மருமவனே, பிள்ளையோட சொத்தைப்பல்லை அடைக்கணும்னு டாக்டரம்மா சொன்னதுக்கு, "விழப்போற பல்லுக்கு எதுக்குங்க செலவு?"ன்னு ஒரு கேள்வி கேட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டியாமே! உங்க அம்மா போன்ல சொன்னா. கேட்ட எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நம்ம வம்சத்துல இப்படி ஒரு ஞானி பொறந்திருக்கது இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே!

நீ சொன்னது ஞாயமான பேச்சு. விழப்போறதுக்கு எதுக்குச் செலவு? அப்படியே இன்னொரு காரியமும் பண்ணிரு. எனக்கு மாசாமாசம் பிரஷர் மாத்திரை வாங்கி கூரியர்ல அனுப்புதியே, அதையும் நிறுத்திரு. எழுவதைத் தாண்டுன கட்டை, எப்படியும் விழப்போறதுதானே. சங்கடப்படாதே, ஞாயம்னா எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்.

"எட்டாங்கிளாஸ் படிச்ச மாமனுக்குப் பல்லைப் பத்தி என்ன தெரியும்?"னு நீ முணுமுணுக்கது இங்க வரைக்கும் கேக்கு. நம்ம கீழத்தெருப் பிள்ளை ஒண்ணு பல்லு வைத்தியம் படிச்சிட்டு வந்து கோவில்பட்டியில உக்காந்திருக்கு. எனக்குப் பல்செட்டு கட்டிக் குடுத்ததே அதுதான். செட்டு உறுத்துதுன்னு சாக்குச் சொல்லிட்டுப் போயி, பெஞ்சில உக்காந்து வாரவுக போறவுக பேச்சைக் கேக்கது எனக்கு நல்ல பொழுதுபோக்கு. உன்னை மாதிரி ஞானிக நாள் தவறாம வாராக. அந்தப் பிள்ளை அவுகளுக்குப் பொறுமையா எடுத்துச் சொல்லும். அவுக காதுல ஏறுதோ இல்லியோ, என் காதுல ஏறிருச்சு.

மொதல்ல கணக்கைக் கேளு. பால்பல்லு மொத்தம் 20. ஆறு மாசத்தை ஒட்டிக் கீழ் முன்பல்லு ரெண்டு எட்டிப் பாக்கும். மூணு வயசுக்குள்ள இருவதும் வந்து வரிசையில நிக்கும். விழுகதுக்கும் ஒரு முறை உண்டு. முன்பல்லுக 6 வயசுக்கு மேல 8க்குள்ள போயிரும். அது ஆடுனதையும், விழுந்ததைச் சாணி உருண்டைக்குள்ள வச்சுக் கூரைமேல எறிஞ்சதையும் மட்டுந்தான் நீ ஞாபகம் வச்சிருக்கே. அதனால அம்புட்டுப் பல்லும் அப்படித்தான்னு முடிவு கட்டிட்டே. கடவாய்ப்பல்லு அந்த ரகம் இல்ல. மொதல் கடவாய் விழ 9லருந்து 11 ஆகும். ரெண்டாவது கடவாய் விழ 10லருந்து 12 ஆகும். உம் மகளுக்கு இப்ப அஞ்சரை வயசு. சொத்தை விழுந்திருக்கது கீழ ரெண்டாவது கடவாயில. அதாவது, அந்தப் பல்லுக்கு இன்னும் அஞ்சு வருஷம் வேலை இருக்கு. அஞ்சு வருஷம்னா ஒரு சட்டசபையோட முழு ஆயுசு! ஒரு எம்.எல்.ஏ. அஞ்சு வருஷம் இருப்பாருன்னா அவரு வீட்டு வாசல்ல சால்வையோட நிக்கே. ஒரு பல்லு அஞ்சு வருஷம் இருக்கும்னா, விழப்போறதுதானேங்கே.

அந்தப் பல்லு அங்க சும்மா உக்காந்திருக்குன்னு நெனைக்காதே. திருவிழாக் காலத்துல நம்மூரு பஸ்ஸுல ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிப்போம்ல, பால்கடவாய் அந்தத் துண்டுதான். அடியில எலும்புக்குள்ள ஒரு நிரந்தரப் பல்லு வளந்துக்கிட்டு இருக்கு. அது ஏறி உக்காரதுக்குத்தான் இந்த ஏற்பாடு. இதுக்கு நடுவுல, ஆறு வயசு வாக்குல, இருக்க பல்லுகளுக்கெல்லாம் பின்னாடி புதுசா ஒரு கடவாய் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே வார ஆளு அது. அதனால வந்ததே பெத்தவுகளுக்குத் தெரியாது. அதையும் பால்பல்லு கணக்குலயே எழுதிருவாக. அதுதான் கட்டை வேகுற வரைக்கும் கூட வரவேண்டிய பல்லு. இப்ப நீ சொத்தையை வளரவிட்டு, கடைசியில துண்டைப் பிடுங்கி வெளிய எறிஞ்சேன்னு வையி, பின்சீட்டுக்காரன் நைசா முன்னால நகண்டு சாஞ்சு உக்காந்துக்கிடுவான். பதினோரு வயசுல உரிமையோட ஏறுனவன் பாத்தா சீட்டு இல்ல. சில பேரு இடிச்சுக்கிட்டுக் கோணலா நிப்பான்; சில பேரு உள்ளயே மாட்டிக்கிட்டு வெளிய வரமாட்டான். அதுக்குப் பெறவு நீ கம்பி மாட்ட பல்லு டாக்டர் வீட்டுக்கு ரெண்டு வருஷம் நடப்பே. அடைக்க ஆவுற காசு எம்புட்டு, கம்பிக்கு ஆவுற காசு எம்புட்டுன்னு நீயே விசாரிச்சுக்கோ. நீதான் கம்பெனியில கணக்குப் பாக்கிறவன்.

பிடுங்கித்தான் ஆவணும்னு ஆயிட்டாலும், நல்ல டாக்டருன்னா அந்த எடத்தை வெறுமன விடமாட்டாக. பக்கத்துப் பல்லுல வளையம் மாட்டி, கம்பியில ஒரு முட்டுக் குடுத்து, எடத்தைக் காபந்து பண்ணுவாக. அந்தச் செலவும் உன் கணக்குலதான் ஏறும்.

சரி, சொத்தை எப்படி வந்துச்சு? உங்க ஆத்தாளைக் கேட்டா புழு அரிச்சிருச்சும்பா. அந்தக் காலத்துல கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை காட்டி, பல்லுலருந்து புழு எடுக்கோம்னு தெருத்தெருவா வருவாக. புழு விழத்தான் செய்யும். அது யாரு கையிலருந்து விழுந்துச்சுங்கதுதான் கேள்வி. பிரான்ஸ் தேசத்துல பியேர் ஃபோஷார்னு ஒரு பல்லு வைத்தியரு, 1728லயே புத்தகம் போட்டு, இந்தப் புழுக் கதையெல்லாம் ஆகாதுன்னு சொல்லிட்டாரு. நமக்குத் தபால் வந்து சேர இன்னும் நாளாகும்போல.

வாயில இருக்க கிருமிக்கு இனிப்பு கெடச்சா அதைத் தின்னுட்டு அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் பல்லோட மேல்பூச்சைக் கரைக்கும். ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ள போனதும் சுமாரா அரைமணி நேரம் இந்தக் கூத்து நடக்கும். எச்சில் வந்துதான் அதைக் கழுவி, கரைஞ்சதைக் கொஞ்சங்கொஞ்சமா ஈடு கட்டணும். அதனால எம்புட்டு இனிப்பு தின்னோம்ங்கதை விட எத்தனை தடவை தின்னோம்ங்கதுதான் கணக்கு. ஒரு வேளை சாப்பாட்டோட ஒரு லட்டைத் தின்னுட்டு முடிச்சுக்கிட்டா பல்லு பொறுத்துக்கிடும். நீங்க ரெண்டு பேரும் பிள்ளை வாயை அடைக்க அரைமணிக்கு ஒருக்க ஒரு கிரீம் பிஸ்கட்டு குடுக்கியளே, அதைப் பொறுக்காது. நீ வாய அடைச்சே, சொத்தை பல்லைத் தொறந்திருச்சு.

எம்மா மகளே, நீ சிரிக்காதே. உனக்கும் பங்கு இருக்கு. "நாங்க வெள்ளைச் சீனியே வாங்குறதில்ல பெரியப்பா, நாட்டுச்சர்க்கரைதான்"னு நீ பெருமையாச் சொன்னப்ப நான் வாயைத் தொறக்கல. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எதைப் போட்டாலும் கிருமி சாதி பாக்காமத் திங்கும். நம்ம கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடே குடுத்திருக்காக. அதுக்காகக் கிருமி எந்திரிச்சு நின்னு கும்பிடு போடாது. அதுலயும் பாகு கடவாய்ப் பள்ளத்துல ஒட்டிக்கிட்டா லேசுல வராது. திங்கவேண்டாம்னு நான் சொல்லல. நானே திங்கேன், செட்டைக் கழத்தி வச்சிட்டுச் சப்புதேன். பிள்ளை தின்னா, தின்ன கையோட தண்ணி குடுத்துக் கொப்பளிக்கச் சொல்லு.

அதைவிட மோசம், ராத்திரி வாயில புட்டிப்பாலை வச்சுத் தூங்கப் போடுகது. தூங்கும்போது எச்சில் ஊறுகது கொறஞ்சிரும். சர்க்கரை போட்ட பாலு விடியவிடிய மேல் முன்பல்லுல தேங்கிக் கெடக்கும். ரெண்டு வயசுல மேல்வரிசை பழுப்பேறி, ஓரம் ஓரமா உதிர்ந்து நிக்க பிள்ளைகளைப் பெஞ்சில உக்காந்து நான் எத்தனையோ பாத்தாச்சு. பெத்தவுக, "எங்க வம்சத்துக்கே பல்லு மோசம் டாக்டர்"ம்பாக. வம்சத்து மேல பழியைப் போட்டா புட்டி தப்பிச்சிரும் பாரு!

பால்பல்லுல மேல்பூச்சு மெலிசு. உள்ள நரம்பு இருக்க எடம் பெருசு. பெரியாளுக்கு ஆற அமர வார சொத்தை, பிள்ளைகளுக்கு விறுவிறுன்னு நரம்பைத் தொட்டுரும். மொதல்ல இனிப்புத் தின்னாக் கூசும், பெறவு ராத்திரி வலிக்கும். அப்ப நீங்க கிராம்புத் தைலத்தைத் தேடுவீக. கிராம்பு நல்ல சாமான்தான். டாக்டருகளே துத்தநாக ஆக்சைடுப் பொடியில கிராம்பெண்ணெய்ச் சத்தைக் குழைச்சுத்தான் தற்காலிகமா அடைப்பாக. அது வலியை மட்டுப்படுத்தும்; ஓட்டையை மூடாது. சிலரு புகையிலையைத் திணிப்பாக; மாத்திரையைப் பொடிச்சு ஈறுல அப்புவாக. ஈறு வெந்து போயி, ஒரு வைத்தியம் ரெண்டு வைத்தியமாகும்.

ஒருநாள் பொசுக்குன்னு வலி நின்னுரும். "பாத்தியளா மாமா, தன்னால சரியாப் போச்சு!"ன்னு நீ எனக்கே போன் போட்டாலும் போடுவே. நரம்பு செத்துப் போச்சுடா. செத்தவன் எப்படிக் கத்துவான்? அதுக்குப் பெறவு வேர் வழியாச் சீழ் எறங்கி ஈறுல கொப்புளம் கெளம்பும். அடியில வளந்துக்கிட்டிருக்க நிரந்தரப் பல்லையும் அந்தச் சீழ் தொட்டுச்சுன்னா, அது முளைக்கும்போதே பழுப்புத் தழும்போட, குழிவிழுந்த பூச்சோட முளைக்கும். கன்னம் வீங்கி, காய்ச்சலும் சேந்துட்டா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நாளைக்குப் பாப்போம்ங்க சோலியே கூடாது.

அடைக்கதுன்னாலே டிரில்லு போட்டுக் குடையுறது மட்டுந்தான்னு நீ பயந்துக்கிட்டு இருக்கே. இப்பல்லாம் ஆழத்தைப் பாத்து வைத்தியம். வெறும் வெள்ளைத் திட்டா இருந்தா குடையவே வேண்டாம். ஃபுளோரைடு பூச்சு தடவி, திங்க வழக்கத்தை மாத்துனாத் திரும்பிரும். சின்ன ஓட்டைக்குக் கிளாஸ் அயனோமர்னு ஒரு சிமெண்டு. 1970கள் தொடக்கத்துல இங்கிலாந்துல கண்டுபிடிச்சது. பல்லோட தானே ஒட்டிக்கிடும். உள்ள இருந்து ஃபுளோரைடையும் கொஞ்சங்கொஞ்சமாக் கசியவிடும். பல்லு நெறத்துலயே நீல வெளிச்சம் காட்டிக் கெட்டியாக்குற காம்போசிட்டும் உண்டு. ஆனா அதுக்குப் பல்லு ஈரமில்லாம இருக்கணும். அழுது எச்சில் வடிக்க பிள்ளைகிட்ட அது பெரும்பாடு. நம்ம காலத்து வெள்ளி அடைப்புல பாதரசம் கலந்திருக்கும். மினமாட்டா ஒப்பந்தம்னு பாதரசத்துக்காகவே நாடுக சேந்து போட்ட ஒப்பந்தத்துல, 15 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு அதைப் போடவேண்டாம்னு 2022ல முடிவாயிருச்சு, டாக்டரு அவசியம்னு நெனச்சாத் தவிர.

கரண்டு இல்லாத எடத்துக்கும் வழி வச்சிருக்காக. ஆப்பிரிக்காவுல, தான்சானியாவுல, 1980கள்ல டிரில்லும் ஊசியும் இல்லாம, கைக்கருவியாலயே சொத்தையைச் சுரண்டி எடுத்துட்டு சிமெண்டு வைக்க முறையை ஆரம்பிச்சு, அது உலகம் பூரா பரவியிருக்கு. சொத்தை ரெண்டு பக்கமும் பரவிட்டா எவர்சில்வர் கேப்பு. ஸ்காட்லாந்துல நார்னா ஹால்னு ஒரு டாக்டரம்மா, ஊசியும் போடாம, குடையவும் செய்யாம, சொத்தைக்கு மேலயே கேப்பை மாட்டி மூடி ஒட்டிட்டாக. உள்ள மாட்டுன கிருமிக்குத் தீனி போவ வழியில்லாமச் சொத்தை அடங்கிப் போச்சு. பெறவு மத்தவுக சோதிச்சுப் பாத்து, ஆமா, சரிதான்னு ஒத்துக்கிட்டாக. நரம்பு கெட்டுப் போகாத பல்லுக்குத்தான் அது. கெட்டுருச்சுன்னா பால்பல்லுக்கும் வேர் சிகிச்சை உண்டு. பிள்ளை ரொம்பச் சின்னது, உக்காரவே மாட்டேங்குதுன்னா, வெள்ளியும் ஃபுளோரைடும் சேந்த மருந்து ஒண்ணு தடவுவாக. பெரும்பாலும் சொத்தை அதோட நிக்கும். ஆனா தடவுன எடம் கருத்துப் போகும். கருப்பாயிருச்சேன்னு உன் பொண்டாட்டி அழுவா. சொத்தை மட்டும் ரோசா நெறத்துலயா இருந்துச்சு? கேப்பு போட்டா வெள்ளிப்பல்லுன்னு வகுப்புல நாலு பிள்ளைக கேலி பண்ணும். மத்ததுக தனக்கும் வேணும்னு கேக்கும். நேரம் வந்ததும் பல்லோட கேப்பும் சேந்து விழுந்துரும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். சொத்தை இருக்க பல்லையெல்லாம் அடைச்சுத்தான் ஆவணும்னு சட்டம் இல்ல. ஏழு வயசுப் பிள்ளைக்கு ஆடிக்கிட்டு இருக்க முன்பல்லுல சின்னக் கருப்பு. வலியும் இல்ல, வீக்கமும் இல்ல. அதை விட்டுருன்னுதான் நல்ல டாக்டரு சொல்லுவாக. வாயைத் தொறந்த ஒடனே எட்டுக் கேப்பு, நாலு வேர் சிகிச்சைன்னு பட்டியல் போட்டா, மெரளாதே. எக்ஸ்ரேயைக் காட்டி எந்தப் பல்லுக்கு எதுக்குன்னு வெளக்கச் சொல்லு. வெளக்குனா இரு, வள்ளுன்னு விழுந்தா வேற எடம் பாரு. வெளக்கங் கேக்கதுல குத்தமே இல்ல. வெளக்கத்தைக் கேக்காம எந்திரிச்சு வந்ததுதான் உம் பெருமை.

எங்க போகணும்னு கேக்கியா? சென்னையில இருக்கவன் நீ. 1953லருந்து அங்க அரசு பல் மருத்துவக் கல்லூரி நடக்கு. மத்தவுகளுக்கு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில பல்லுப் பிரிவு உண்டு. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைகளைச் சோதிக்க வார டாக்டருக பட்டியல்ல சொத்தைப்பல்லும் ஒண்ணு. அன்னைக்குப் பாத்து, "நல்ல நாளு, மாமன் வீட்டுக்குப் போவோம்"னு லீவு போட்டுராதே.

பிள்ளையைக் கூட்டிட்டுப் போகும்போது உன் வீரத்தைக் காட்டாதே. "சோறு திங்கலன்னா பல்லு டாக்டருகிட்டப் பிடிச்சுக் குடுத்துருவேன்"னு இத்தனை நாளா மெரட்டி வச்சிட்டு, இப்ப "டாக்டரம்மாகிட்ட வாயைக் காட்டு செல்லம்"னா அது எப்படிக் காட்டும்? "ஊசியே கெடையாது, வலிக்கவே வலிக்காது"ன்னு பொய்ச் சத்தியமும் பண்ணாதே. "பல்லை எண்ணிப் பாப்பாக, சுத்தம் பண்ணுவாக"ன்னு சொல்லு, போதும். காலையில, தூக்கம் தெளிஞ்சு தெம்பா இருக்கும்போது போ. மரத்துப் போகற ஊசி போட்டிருந்தா ரெண்டு மூணு மணி நேரத்துக்குப் பிள்ளை மேல ஒரு கண்ணு வேணும். மரத்த உதட்டை மிட்டாய்னு நெனச்சுக் கடிச்சுப் புண்ணாக்கிக்கிடும்.

அடைச்சுட்டோம்னு நிம்மதியாக் காலை நீட்டிராதே. அடைப்பைச் சுத்தியும் சொத்தை வரும். ராத்திரி படுக்கதுக்கு முன்னால நீதான் பல்லு தேச்சு விடணும். ஏழு எட்டு வயசு வரைக்கும் பிள்ளை தானே தேய்க்கது விளையாட்டுக் கணக்கு. 1000 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பேஸ்டா வாங்கு. மூணு வயசுக்குள்ள அரிசியளவு, அதுக்கு மேல பட்டாணியளவு. விளம்பரத்துல காட்டுத மாதிரி பிரஷ் நெடுக அலங்காரம் வேண்டாம். துப்பச் சொல்லு, வாளி வாளியா ஊத்திக் கழுவ வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடித் தண்ணியிலயே ஃபுளோரைடு கூட. ஒகேனக்கல் தண்ணியைக் குழாயில கொண்டுவந்ததே அதுக்காகத்தான். அந்தப் பக்கத்து ஆளுக டாக்டரைக் கேட்டுட்டுப் பேஸ்டு வாங்கட்டும். அடுத்தது ஒண்ணு பெத்தா, வயசு ஒண்ணு முடியுமுன்ன ஒருக்க பல்லு டாக்டருகிட்டக் காட்டிரு. அப்ப காட்ட நாலஞ்சு பல்லுதான் இருக்கும்; கெட்டுப்போகாம இருக்கும்போது போனாத்தான் பிள்ளைக்கு அந்த நாற்காலி மேல பயமும் வராது.

இப்ப எந்திரி. திங்கக்கெழமைக்கு டோக்கன் போடு. டாக்டரம்மாகிட்ட மூணு கேள்வி கேளு: இந்தப் பல்லு விழ இன்னும் எத்தனை நாளு இருக்கு? சொத்தை எம்புட்டு ஆழம் போயிருக்கு? சும்மா விட்டா என்ன ஆகும்? "ஆறு மாசத்துல தானே விழுந்துரும்"னு சொன்னா, காசைப் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்கு வா. "இன்னும் அஞ்சு வருஷம்"னு சொன்னா, உன் வாயை மூடிக்கிட்டு, பிள்ளை வாயைத் தொறக்கச் சொல்லு.